தாய்மாமன் ஏறாத விமானம்

அக்டோபர் 17, வியாழன்

நாளைக்கு விமானம் ஏறப் போகிறோம்! வடசேரி பஸ் ஸ்டாண்டு எதிரே ஆம்னி பஸ் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து ஊரையெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பி வைக்கிற எனக்கு இதுதான் முதல் விமானம். இந்த டைரிகூட எங்கள் முதலாளி செல்வின் அண்ணாச்சி கொடுத்தது. அட்டையில் பஸ் படம் போட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரரின் தங்கை பகவதி புனேயில் இருக்கிறாள். அவள் மகள் ஆதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், கூடப்பிறந்த மாமன் என்று இருப்பது இவர் ஒருத்தர்தான். இவர் பெயர் பூதலிங்கம். மாநகராட்சி நீரேற்று நிலையத்தில் மோட்டார் போடுகிற வேலை. எறும்பைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன்.

ஒரு வாரமாக இவருக்கு ஒத்திகை நடக்கிறது. மூட்டுவலிக்காரர், சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகுகிறார். முதலில் மடியில் தலையணை வைத்தார். பிறகு அரிசிப் பை. நேற்று அரிசிப் பையைத் தட்டிக்கொடுத்து "அழப்படாது, அழப்படாது" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் அடுக்களையிலிருந்து பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

டிக்கெட் ரசீதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. டிக்கெட்டுக்கு ஒரு விலை. நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதற்குத் தனிக் கட்டணம். சீர்ப் பெட்டி கனம் என்று அதற்கு ஒரு கட்டணம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டதற்கு 'வசதிக் கட்டணம்' என்று இன்னொன்று. யாருக்கு வசதி? புருஷன் பெண்டாட்டி சேர்ந்து உட்காரக் காசு கேட்டால் எங்கள் பஸ்ஸில் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள்.

அக்டோபர் 18, வெள்ளி

ஏற்றவில்லை. பாவிகள். நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் பத்தரைக்கு முன்னாலேயே போய்விட்டோம். பெட்டியைப் போட்டாயிற்று, சோதனையெல்லாம் முடிந்தது, விமானத்துக்குப் போகிற வாசலுக்கு எதிரிலேயே உட்கார்ந்தோம். கூப்பிட்டார்கள், எல்லாரும் வரிசையில் நின்று போனார்கள். நாங்கள் போனபோது வாசலில் நின்ற சின்னப் பெண் கதவை மூடிவிட்டாள். "கேட் க்ளோஸ்டு மேடம்."

ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம் என்பது இங்கே முக்கியமில்லை. விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரம் அசையாமல் நின்றது, அதுதான் முக்கியம். நான் கத்தினேன். இவர் அந்தப் பெண்ணிடம் "பரவாயில்லம்மா, நீ என்ன செய்வ" என்று சொல்லி அவளுக்கு ஆறுதல் சொன்னார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி இவர் மேல்தான்.

சீர்ப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். களியக்காவிளை தாண்டும்போது இவர் "பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை வாங்குனது சின்னதாப் போயிரும், இல்லையா?" என்று கேட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

காதுகுத்து நின்றுவிட்டது. பகவதி போனில் அழுதாள். "மைனி, அண்ணன் இல்லாம குத்த மாட்டேன்னு நான் ஒத்தக்கால்ல நின்னுட்டேன். நவம்பர் இருபத்தி நாலுக்குத் தள்ளி வச்சிருக்கு. அதை விட்டா மார்கழி வந்திரும். அன்னைக்கும் அண்ணன் வரலைன்னா குமரேசன் மடியில வச்சுக் குத்திருவாங்களாம்."

குமரேசன் இவருடைய பெரியப்பா மகன். புனேயிலேயே இருக்கிறான். கார் இருக்கிறது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்த வீட்டு விசேஷத்திலும் முதல் வரிசையில் நிற்பான்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா, பகவதியின் மாமியார், போனை வாங்கினார். ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத மாட்டேன்.

மத்தியானம் துணி துவைத்தேன். இவர் சட்டைப் பையில் போர்டிங் அட்டை ரெண்டும் இருந்தன. 17 பி, 17 சி. எனக்குச் சோப்பு கையிலிருந்து வழுக்கிவிட்டது. அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே ரெண்டு பையன்கள் வாசலில் நின்ற பெண்ணிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலைகீழாக டிக்கெட் படித்தே பழகிய கண் எனக்கு. பதினேழு பி, பதினேழு சி. நான் படித்தேன்! எங்கள் நம்பர் இவர் பையில் இருந்ததால் உறைக்கவில்லை. எங்கள் சீட்டை எங்கள் கண் முன்னாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். "அந்தப் பையங்களுக்கு என்ன அவசரமோ" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பாட்டு. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு குரல். மறுபடி பாட்டு. இட்லி வெந்து இறக்கியாயிற்று, பாட்டு முடியவில்லை. கடைசியில் ஒரு பையன் வந்து, "நீங்க நோ-ஷோ மேடம். டிக்கெட்டுக்குப் பணம் கிடையாது" என்றான்.

நோ-ஷோ என்றால் வராத ஆளாம். எதிரிலேயே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வராத ஆள் என்று பெயர். "சரி தம்பி, நான் வரல. நான் ஏறாத விமானத்துக்கு ஏர்போர்ட் கட்டணம்னு பிடிச்சிருக்கியளே, நான் எந்த ஓடுபாதையில ஓடினேன்?" என்று கேட்டேன். மறுபடி பாட்டைப் போட்டுவிட்டான்.

அக்டோபர் 25, வெள்ளி

ஈமெயில் பதில் வந்தது. 'அன்புள்ள தாணம்மை, உங்கள் கருத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.' கீழே, இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று போட்டிருக்கிறது. மதிக்கிற லட்சணம்!

ரயிலைப் பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்ட் அனுமார் வால் போல நீள்கிறது. கிடைத்தாலும் பிரயோஜனமில்லை. நீரேற்று நிலையத்தில் ரெண்டே ஆப்பரேட்டர்கள், இவருக்கு மூன்று நாளுக்கு மேல் லீவு தரமாட்டார்கள். ரயிலில் போக வரவே மூன்று நாள் போய்விடும். புதிதாக விமான டிக்கெட் எடுக்கலாம் என்றால் இப்போது விலை மூன்று பங்கு. என் வளையலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் பார்த்துவிட்டு "அதெல்லாம் வேண்டாம்" என்றார்.

ஆக, இந்தக் கம்பெனிதான் எங்களைக் கூட்டிப் போக வேண்டும். கூட்டிப் போக வைக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக் கூட்டம். ஆபீசில் நிற்க இடமில்லை. சென்னை வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெண்டு சீட்டுக்கு ஆள் வரவில்லை. செல்வின் அண்ணாச்சி, "காத்து நிக்க ஆளுகளுக்குக் குடுத்து விடுங்க" என்றார். "போன் அடிக்காம எப்பிடி அண்ணாச்சி?" என்றேன். எங்கள் வழக்கம் அது. போன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை விடுவோம். அடித்தேன். புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார். "அம்மா, பிளேன்காரன் மேல எழுதுற கம்ப்ளெய்ன்ட நம்ம பக்கம் திருப்பிராதீங்க."

"போன வருஷம் கேன்சல் ஆன மதுரை வண்டிக்கு இன்னும் ரெண்டு பேருக்குப் பணம் திருப்பிக் குடுக்கல, அண்ணாச்சி" என்றேன். சிரிப்பு நின்றது. சாயங்காலம் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முந்திரிக்கொத்து கருகிவிட்டது. இவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றார்.

நவம்பர் 6, புதன்

அரசாங்கத்தின் விமானப் பயணிகள் புகார் தளத்தில் போட்டது வேலை செய்திருக்கிறது. கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரி பதின்மூன்றாம் தேதி ஏர்போர்ட் ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அதே டிக்கெட்டில் வேறு தேதி, வீணாய்ப்போன கட்டணங்கள் திரும்ப. இது ரெண்டும்தான் நான் கேட்பது.

இவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "அங்க வந்து நீங்க வாயைத் திறக்கப்படாது. நான் பேசுகேன். கேட்டுதா?"

"கேட்டுது" என்றார். "அவர் தண்ணி குடிக்கியளான்னு கேட்டா?"

"தலையை ஆட்டுங்க."

நவம்பர் 13, புதன்

அதிகாரி பெயர் ஜோஸ். வழுக்கைத் தலை, நல்ல முகம், தமிழ் பேசுகிறார். எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். இவர் தலையை ஆட்டினார்.

நான் ஆரம்பித்தேன். கட்டணம், கதவு, அரை மணி நேரம் அசையாத விமானம், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், கேட் மூடுற நேரம் பன்ரெண்டு. நீங்க எத்தனை மணிக்கு கேட்டுக்கு வந்தீங்க?" என்றார்.

"பன்னெண்டு மணி வாக்குல" என்றேன்.

"வாக்குலன்னா? எதிர்லதான் இருந்தேன்னு எழுதியிருக்கீங்க. கூப்பிட்டப்போ ஏன் எழுந்து வரல?"

நான் பதிலை யோசிப்பதற்குள் இவர் வாயைத் திறந்துவிட்டார். "ராகு காலம் முடியட்டும்னு இருந்தோம் சார். வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு. விமானத்துல கால் வைக்கதுதானே புறப்பாடு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஜோஸ் சார் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். டீ கொண்டுவந்த பெண்ணும் சிரித்தாள். "சார், இருபது வருஷம் சர்வீஸ். டிராபிக் ஜாம் சொல்வாங்க, வயித்துவலி சொல்வாங்க. இந்தக் காரணம் முதல் தடவை" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ நான் என்ன செய்ய முடியும்? நீங்களே ஒத்துக்கிட்டீங்க. பன்ரெண்டுக்கு மேலதான் வந்தீங்க" என்றார்.

ஆமாம், ராகு காலம் பார்த்தது நான்தான். இவர் 'ஏறிருவோமா, ஏறிருவோமா' என்று நாலு தரம் கேட்டார். நான்தான் முந்தானையைப் பிடிக்கிற மாதிரி இவர் சட்டையைப் பிடித்து உட்கார்த்தி வைத்தேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆனால் விடுவேனா? "சரி சார். நாங்க லேட்டு. ஒத்துக்கிடுகேன். இப்பம் எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பதினேழு பி, சி ரெண்டையும் அந்தப் பையங்களுக்கு எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

"நீங்க வரலன்னு தெரிஞ்சப்புறம் குடுத்திருப்பாங்க."

"'குடுத்திருப்பாங்க'ல்லாம் வேண்டாம் சார். பாத்துச் சொல்லுங்க. எங்க பஸ்ஸுல ஒரு சீட்டு கை மாறினா நேரத்தோட கம்ப்யூட்டர்ல நிக்கும். உங்களுக்கும் நிக்கும்."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"பதினொண்ணு நாப்பத்தாறு" என்றார் மெதுவாக.

"கேட் மூடுறது?"

"பன்ரெண்டு."

"அப்பம் நாங்க ராகு காலம் பாக்காம பத்து நிமிஷம் முன்னாலயே ஓடி வந்திருந்தாலும் எங்களுக்கு சீட்டு இல்லை. அப்பிடித்தானே சார்?"

அப்போது இவர் பேசினார். நான் போட்ட தடையை இன்றைக்கு ரெண்டாம் தரம் மீறினார். "சார், எங்க பஸ்ஸுல போன் அடிப்பாங்க. நாங்க அந்தக் கதவுக்கு எதிர்ல, இந்தா உங்க மேசை தூரத்துலதான் இருந்தோம். கையைத் தட்டிக் கூப்பிட்டிருந்தாக்கூட வந்திருப்பேன். எனக்கு ராகு காலமெல்லாம் பெரிசில்ல சார். பிள்ளையை மடியில வைக்கணும், அவ்வளவுதான்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒரு ஆபீசில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஜோஸ் சார் எழுந்து நின்று ஒரு நாளிலோ ரெண்டு நாளிலோ மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மேடம், இருபத்தி நாலாம் தேதி எத்தனை மணிக்கு முகூர்த்தம்?" என்று கேட்டார். அது நல்ல குறி என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

தூக்கம் வராமல் புரண்டதில் விடிந்துவிட்டது. நேற்று பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னதை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

"நீ ஏன் ராகு காலம் பாத்தேன்னு எனக்குத் தெரியும், தாணு" என்றார்.

"என்ன தெரியும்?"

"வீட்டுல கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொன்னாக்கூட 'எல்லா நாளும் நல்ல நாள்தான்'னு சொல்லுகவ நீ. இதுக்கு மட்டும் பாத்தா? காதுகுத்து நின்ன அன்னைக்குப் போன் ஸ்பீக்கர்ல இருந்துது. மாப்பிள்ளை அம்மா சொன்னது எனக்கும் கேட்டுது. இப்பிடி ஒரு சொல் வந்திரும்னு பயந்துதானே முன்னாலயே நேரம் பாத்த?"

கேட்டிருக்கிறது. கேட்டும் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார். அந்த அம்மா சொன்னது இதுதான்: 'பிள்ளை உட்காராத மடி, தள்ளிப்போனதும் ஒருவகையில நல்லதுக்குத்தானோ என்னவோ.'

பகவதிக்கு வளைகாப்பு நடந்தபோது என்னை வளையல் போட விடவில்லை. தட்டை என் கையிலிருந்து நைசாக வாங்கிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார்கள். நான் பாயசம் கிண்டப் போகிற மாதிரிப் போய்விட்டேன். என்னைச் சொல்லட்டும், பழகிவிட்டது. இவரை ஒரு சொல் சொல்லக்கூடாது. காதுகுத்தில் பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தால்கூட 'இந்த மடியில் வைத்ததால்' என்பார்கள். அதற்குத்தான் நேரம், நாழிகை, எறும்பு போகிற வழி எல்லாம் பார்த்தேன். பார்த்துப் பார்த்து நானே கெடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் இவரிடம் சொல்லி அழுதேன், பஸ்ஸில், எல்லார் முன்னாலும். இவர் மூக்கைத் துடைக்கத் துண்டைக் கொடுத்துவிட்டு, "சீட்டுதான் பதினொண்ணே முக்காலுக்கே போச்சே. நீ எங்க கெடுத்த?" என்றார்.

நவம்பர் 18, திங்கள்

வந்துவிட்டது! வந்துவிட்டது! இருபத்தி மூன்றாம் தேதி ரெண்டு சீட்டு, போக வர, ஒரு பைசா இல்லாமல். பக்கத்துப் பக்கத்தில்! அன்றைக்கு வாங்கிய சீட்டுக் கட்டணம், பெட்டிக் கட்டணம், ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் திரும்ப வருகிறது. நேரமாவதற்கு முன்னால் சீட்டை மாற்றிக் கொடுத்தது தவறு என்று எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் கேட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை விடச் சொல்லியிருப்பதாக ஜோஸ் சார் தனியாகப் போன் பண்ணிச் சொன்னார்.

வசதிக் கட்டணம் மட்டும் திரும்ப வராதாம். இருக்கட்டும், அதற்கு அடுத்த புகார் எழுதி ஆயிற்று.

இவர் அரிசிப் பையை மறுபடி எடுத்துவிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

நாங்கள் ஜெயித்த கதை பரவியதிலிருந்து என் கவுண்டரில் பஸ் டிக்கெட் கேட்கிறவர்களைவிட விமானப் புகார் எழுதக் கேட்கிறவர்கள்தான் அதிகம். மருந்துக்கடை ஆபிரகாம் மகனுக்குத் துபாயில் பெட்டி தொலைந்துவிட்டது. கோட்டாறு டீச்சர் ஒருத்திக்கு விமானம் ரத்து, பணத்துக்குப் பதில் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். "கூப்பனை வச்சு மாவா அரைக்க முடியும்? பணமாக் கேளுங்க டீச்சர்" என்று எழுதிக் கொடுத்தேன். செல்வின் அண்ணாச்சி முதலில் முறைத்தார். பிறகு அவரே ஒரு நாற்காலி கூடுதலாக வாங்கிப் போட்டார். எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் நம்ம பஸ்ஸில்தான் டிக்கெட் போடுகிறார்களாம்.

நவம்பர் 23, சனி

ஏறிவிட்டோம். வரிசையில் முதல் ஆள் நான்தான். விமானம் மேலே போகும்போது இவர் கண்ணை மூடி என் கையை நசுக்கிவிட்டார். பயமா என்றேன். "காது அடைக்குது" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

புனேயில், பகவதி வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஹாலில் பாய் விரித்து இவரை உட்கார வைத்தார்கள். புது வேட்டி, தலைப்பாகை. குமரேசன் முன்னால் வந்து, "அண்ணே, மூட்டுவலி இருந்தா சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றான். இவர் நிமிர்ந்து பார்த்து, "வலிச்சாலும் நான்தான்ல" என்றார். எறும்பை அதட்டாத மனுஷன்! குமரேசன் போட்டோ எடுக்கப் போய்விட்டான்.

பகவதி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். ஆதிரை இவர் முகத்தை ஒரு நிமிஷம் ஆராய்ந்தாள். மீசையைப் பிடித்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். வீடே அதிர்கிற மாதிரி அழுதாள். இவரும் அழுதார், அவளைவிடச் சத்தமாக. ரெண்டாவது காது முடிந்ததும் பிள்ளை இவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கித் தூங்கிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் வரட்டும், இன்றைக்கு நான் சும்மா இருக்கப்போவதில்லை என்று தயாராக நின்றேன்.

அவர் கையை நீட்டி, "குடுங்க, தொட்டில்ல போடுகேன்" என்றார். தூக்கினார். பிள்ளை தூக்கத்திலேயே இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டாள். கையை எடுத்தார், அடங்கினாள். மறுபடி தொட்டார், மறுபடி வீரிட்டாள். அந்த அம்மா கையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

"இருக்கட்டும்" என்றார். "மாமன் மடியிலயே தூங்கட்டும். தாணம்மை, அவருக்கு இலையை இங்கயே கொண்டு வா."

என் பெயரை அவர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

இலையைக் கொண்டுபோய் வைத்தேன். இவருக்குக் கால் மரத்துப்போய்விட்டது, ஒரு கை பிள்ளையின் தலைக்குக் கீழே, இன்னொரு கையை அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "எப்பிடிச் சாப்பிட?" என்று கண்ணால் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டிவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.